தேத்தண்ணிக் கடையில் எமக்கும் ஒரு வாங்கு

ஊருக்கு ஒரு கோயில் என்றால் சந்திக்கு ஒரு தேத்தண்ணிக் கடை. எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும் இது பொது. விடிய நாலு மணிக்கே கடையில் விளக்கு எரியும். இரவு முழுக்க வாவியில் வலை போட்டவர்கள், வேளாண்மை வெட்டப் போகிறவர்கள், முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் ஒதுங்குவார்கள். ஒரு பிளேன்டீ, ஒரு துண்டு பேப்பரில் இரண்டு வடை, அரை மணித்தியாலக் கதை. இதற்குப் பிறகுதான் ஊரின் நாள் தொடங்குகிறது.

அந்தக் கடையின் கண்ணாடி அலுமாரியை ஒருமுறை பாருங்கள். அப்பம், இடியப்பம், றொட்டி, வாய்ப்பன், உளுந்து வடை. பக்கத்து வளவுகளில் இரண்டு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டிய பெண்களின் கைகளில் இருந்து வந்தவைதான் இவற்றில் அதிகம். அவர்கள் பெட்டியைக் கடையின் பக்க வாசலில் கொடுப்பார்கள். முதல்நாள் காசை எண்ணி வாங்குவார்கள். முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி விடுவார்கள். உள்ளே கிடக்கும் நீள வாங்கில் அவர்கள் இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்ததை நான் கண்டதில்லை.

சகோதரிகளே, இந்த மாதம் அந்த வாங்கைப் பற்றித்தான் உங்களோடு கதைக்க வருகிறேன். ‘சோற்றுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அல்லாடுகிறோம், இதில் கடையில் இருந்து தேத்தண்ணி குடிப்பது ஒரு பிரச்சினையா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டில் குடித்தாலும் தேத்தண்ணி தேத்தண்ணிதான். ஆனால் கடையில் தேத்தண்ணியோடு சேர்ந்து வேறு சில பொருட்களும் கைமாறுகின்றன. அவைதான் எமக்குக் கிடைக்காமல் போகின்றன.

கடையில் கைமாறுவது என்ன?

முதலாவது, செய்தி. பத்திரிகை ஒன்றை ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பது எமது கடைகளின் பழைய வழக்கம். இப்போது கைத்தொலைபேசி வந்துவிட்டது. ஆனாலும் ‘பிரதேச செயலகத்தில் படிவம் கொடுக்கிறார்களாம்’, ‘காணிக் கச்சேரி வருகுதாம்’, ‘வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் எடுக்கிறார்களாம்’ என்ற கதைகள் முதலில் பிறப்பது அந்த வாங்கில்தான். இரண்டாவது, வேலை. நாளைக்கு யாருடைய வயலில் எத்தனை பேர் தேவை, கூலி என்ன என்பது அங்கே முடிவாகிறது. மூன்றாவது, வழக்கு. எல்லைவேலிச் சண்டை, மாடு மேய்ந்த சண்டை, குடித்துவிட்டு அடித்த சண்டை எல்லாவற்றிலும் பொலிஸுக்குப் போவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதைப்பது அங்கேதான். அடி வாங்கிய பெண்ணின் வழக்கை அவள் இல்லாத இடத்தில் ஆண்கள் இருந்து தீர்ப்பார்கள். தீர்ப்பு மட்டும் அவளுடைய வீட்டுக்கு வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். யுத்தத்தில் பிள்ளையைத் தொலைத்தவர். அவருக்குத் தேவையான ஒரு பதிவுக்குத் திகதி குறித்திருந்தார்கள். அந்தத் திகதி போன பிறகுதான் அவர் கேள்விப்பட்டார். இரண்டு கிழமையாகச் சந்திக் கடையில் அந்தக் கதை அடிபட்டிருக்கிறது. அவருடைய வீட்டிலோ கடைக்குப் போய்வர ஓர் ஆண் இல்லை. ‘எனக்கு ஒருத்தரும் சொல்லயில்ல புள்ள’ என்றார். அவருக்குச் சொல்லக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. சொல்லப்படும் இடத்தில் அவர் இல்லை. அவ்வளவுதான்.

2010ஆம் ஆண்டில் மகளிர் விவகாரப் பிரதி அமைச்சர் வெளியிட்ட கணக்கில், வடக்கு கிழக்கில் யுத்தத்தால் விதவையானவர்கள் 89,000 பேர் என்றும் அவர்களில் 49,000 பேர் கிழக்கைச் சேர்ந்தவர்கள் என்றும் சொல்லப்பட்டது. இத்தனை வீடுகளில் இருந்து தேத்தண்ணிக் கடைக்குப் போய்ச் செய்தி கொண்டுவர ஆள் இல்லை. இப்போது சொல்லுங்கள், இது சின்ன விடயமா?

தேத்தண்ணி வந்த வழி

‘தேத்தண்ணி’ என்ற எமது சொல்லிலேயே சீனா இருக்கிறது. சீனாவின் தென்கிழக்குக் கரையோரத்தில் இந்தச் செடிக்கு ‘தே’ என்று பெயர். அங்கிருந்து கப்பலில் இலையை ஏற்றிய ஒல்லாந்தர் அந்தப் பெயரையும் கொண்டுபோனார்கள். சீனாவின் மற்றப் பகுதிகளில் ‘சா’ என்பார்கள். கேரளத்தின் ‘சாயா’ அந்த வழியில் வந்தது. எமது நாட்டில் 1867ஆம் ஆண்டில் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதன்பிறகு கோப்பிச் செடிகளை நோய் அழிக்க, மலையகம் முழுவதும் தேயிலை ஆனது. அந்தக் கொழுந்தை இன்றுவரை அதிகமாகக் கிள்ளுவது தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழிவந்த பெண்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு அவர்களில் பல குடும்பங்கள் எமது மாவட்டத்துக்கும் ஓடிவந்து குடியேறின. கொழுந்து கிள்ளுவதும் பெண், வீட்டில் ஊற்றிக் கொடுப்பதும் பெண், கடைக்குப் பலகாரம் சுடுவதும் பெண். குடிக்கும் இடம் மட்டும் ஆண்களுடையது.

சீனாவிலும் இதே கதைதான் நடந்தது. அங்கே சிச்சுவான் மாகாணத்தில் செங்டு என்றொரு நகரம். தேநீர் விடுதிகளுக்குப் பேர்போன ஊர். 1930களில் அந்த ஒரு நகரத்தில் மட்டும் 600 அளவில் தேநீர் விடுதிகள் இருந்தன. வாங் டி என்ற வரலாற்றாசிரியர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வியாபாரம் பேசுவது, வேலையாள் தேடுவது, கதை கேட்பது, கூத்துப் பார்ப்பது எல்லாம் அங்கேதான். வழக்குத் தீர்ப்பதும் அங்கேதான். சண்டை பிடித்த இரண்டு பக்கமும் விடுதிக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் தங்கள் நியாயத்தைச் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார். பிழை யார் பக்கமோ அவர் அங்கே இருந்த அத்தனை பேருடைய தேநீருக்கும் காசு கட்ட வேண்டும். எங்களுடைய சந்திக் கடைப் பஞ்சாயத்துக்கு அண்ணன் முறையான வழக்கம் இது.

மன்னராட்சிக் காலத்தின் கடைசியில் கௌரவமான குடும்பத்துப் பெண்கள் அந்த விடுதிகளுக்குப் போவது கூடாத செயல். பொலிஸாரும் தடை போட்டார்கள். பின்னர் சில விடுதிகள் கூத்துப் பார்க்க வரும் பெண்களுக்குத் தனி வாசலும் தனி இருக்கையும் வைத்தன. வேலை செய்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பிறகு ஒரு யுத்தம் வந்தது. 1937இல் யப்பான் சீனாவுக்குள் படையெடுத்தது. கிழக்குக் கரையில் இருந்து இலட்சக்கணக்கானவர்கள் இடம்பெயர்ந்து சிச்சுவானுக்கு வந்தார்கள். புருஷனை இழந்தவர்கள், தகப்பனை இழந்தவர்கள், கையில் ஒன்றும் இல்லாதவர்கள். அப்போதுதான் செங்டுவின் தேநீர் விடுதிகளில் முதன்முதலாகப் பெண்கள் தேநீர் ஊற்றும் வேலைக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு என்ன நடந்தது? அந்தத் தொழிலில் இருந்த ஆண்கள் தங்கள் பிழைப்புப் போகிறது என்று எதிர்த்தார்கள். வந்து குடித்த சிலர் கையைப் பிடித்து இழுத்தார்கள். தொந்தரவு செய்தவர்களை விட்டுவிட்டு, பத்திரிகைகள் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதின. நெருக்குதல் கூடக் கூடப் பலர் அந்த வேலையை விட்டுப்போக வேண்டி வந்தது. யுத்தம் பெண்ணை வெளியே கொண்டுவரும். ஆனால் வெளியே வந்த பெண்ணுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று யுத்தம் யாருக்கும் படிப்பிக்காது. எமக்கும் இது தெரிந்த பாடம் அல்லவா?

ஒரு நாடகத்தில் வரும் பெண்

சீனாவின் எழுத்தாளர் லாவோ ஷே 1957இல் ‘தேநீர் விடுதி’ என்ற நாடகத்தை எழுதினார். பீஜிங்கில் ஒரே ஒரு தேநீர் விடுதிக்குள் ஐம்பது வருடக் கதை நடக்கிறது. அரசு மாறுகிறது, படைகள் மாறுகின்றன, காசு மாறுகிறது. சுவரில் ‘நாட்டு விடயம் பேச வேண்டாம்’ என்ற அறிவித்தல் மட்டும் மாறாமல் இருக்கிறது. காலம் போகப் போக அதன் எழுத்து இன்னும் பெரிதாகிறது.

அதன் முதல் அங்கத்தில், பசியால் வாடிய ஒரு விவசாயி தன் பதினைந்து வயது மகளை அந்த விடுதியில் வைத்தே அரண்மனை அலி ஒருவனுக்கு மனைவியாக விற்கிறான். சுற்றி இருப்பவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு இரண்டாம் அங்கத்தில் அதே பெண் ஒரு வளர்ப்பு மகனோடு அதே விடுதிக்குத் திரும்பி வருகிறாள். இம்முறை அவள் வேலை கேட்டு வருகிறாள். முதலாளி தயங்குகிறார். அவருடைய மனைவிதான் அவளை உள்ளே எடுக்கிறாள். ஒரு பொருளாக விலைபேசப்பட்ட இடத்துக்கே அவள் ஓர் ஆளாகத் திரும்பி வருகிறாள். கதவைத் திறந்துவிடுவது இன்னொரு பெண். நான் இந்த நாடகத்தில் மறக்காமல் வைத்திருப்பது இதைத்தான்.

யுத்தகாலத்துக் கடைகள்

அந்தச் சுவர் அறிவித்தல் எமக்குப் புதிதல்ல. எமது கடைகளில் அதை எழுதி ஒட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. யார் எந்தப் பக்கம், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் வாய் திறக்க முடியாத காலம் அது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு, சுற்றிவளைப்பு என்றால் முதலில் வெறுமையாவது சந்திக் கடைதான். வாங்கில் இருந்த இளைஞர்களை வரிசையில் நிறுத்தி, முகத்தை மூடிய தலையாட்டியின் முன்னால் கொண்டுபோனார்கள். சிலர் திரும்பி வரவில்லை. 2004இல் இயக்கத்துக்குள்ளேயே பிளவு வந்தபோது பயம் இரண்டு மடங்கானது. ஆண்கள் கடையில் இருப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இருந்தவர்களும் மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் மட்டும் கதைத்தார்கள்.

அந்தக் காலத்தில் வெளியே போனவர்கள் நாங்கள். முகாம் வாசலில் நின்றோம். பிடித்துக்கொண்டு போனவர்களைத் தேடினோம். படுவான்கரையில் இருந்து நகருக்கு வரச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக நின்றோம். மண்முனைத் துறையில் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன்னர் வாவியைக் கடக்கப் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். அப்படிக் காத்து நின்ற பெண்களுக்கு இருக்க ஓர் இடம் இல்லை, சிறுநீர் கழிக்க ஓர் இடம் இல்லை. துறையடியில் ஓலைக்கொட்டில் போட்டு ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க வைத்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். அங்கே எங்களுக்கு இருக்க ஒரு மரக்குற்றி கிடைத்தது. யாருடைய பிள்ளை எந்த முகாமில், எந்தச் சட்டத்தரணியிடம் போகலாம், எந்த அலுவலகத்தில் மனிதத்தன்மையோடு கதைப்பார்கள் என்பதையெல்லாம் அந்தக் குற்றியில் இருந்துதான் அறிந்துகொண்டோம். யோசித்துப் பார்த்தால், பெண்கள் இருந்த தேத்தண்ணிக் கடை எமக்குக் கிடைக்காமல் போகவில்லை. ஆனால் அது துயரத்தின் ஓரத்தில் கிடைத்தது. துயரம் இல்லாத காலத்திலும் அது வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எமது மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பார்கள். 1990க்குப் பிறகு ஒருவர் கடையில் மற்றவர் தேத்தண்ணி குடிக்கப் பயந்த காலம் வந்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பயம் மறுபடியும் தலைதூக்கியது. ஒரு கடையில் யார் யார் அருகருகே இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஊரின் நிலைமை தெரிந்துவிடும்.

வாங்குக்காகப் போராடியவர்கள்

தேத்தண்ணிக் கடை வாங்கு சின்ன விடயம் அல்ல என்பதற்கு எமது இனத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களைத் தேநீர்க் கடைக்குள் விடாத காலம் இருந்தது. வெளியே நிற்க வேண்டும், அல்லது நிலத்தில் குந்த வேண்டும். தேநீரும் போத்தலில் அல்லது தனிக் குவளையில்தான். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்ததால் மட்டும் வாங்கு கிடைத்துவிடவில்லை. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்தில் இருந்து ஊர்வலம் போனார்கள். அடி வாங்கினார்கள். சங்கானைப் பக்கத்தில் உயிரையும் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தப் போராட்டத்தில் பெண்களும் நின்றார்கள்.

அவர்கள் கேட்டது ஒரு கோப்பை தேநீரையா? ‘நானும் இந்த ஊரின் ஆள்’ என்பதைத்தான் கேட்டார்கள். எமக்கு எதிராக எந்தச் சட்டமும் இல்லை. ‘பெண்கள் உள்ளே வரக்கூடாது’ என்று எந்தக் கடையிலும் எழுதியிருக்கவில்லை. எங்களை மறிப்பது கண்கள். ‘ஆர்ர புள்ள இது, கடைக்குள்ள வந்து குந்தியிருக்கு?’ என்று கேட்கும் கண்கள். எழுதாத சட்டத்தை உடைப்பது எழுதிய சட்டத்தை உடைப்பதைவிடக் கடினம்.

பெண்கள் நடத்தும் கடை

யுத்தம் 2009இல் முடிந்த பிறகு எமது கிராமங்களில் பெண்கள் தாமே தேத்தண்ணிக் கடை போடத் தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டு மதிலை ஒட்டித் தகரம் இறக்கிய சின்னக் கடைகள். மட்டக்களப்பில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. எமது வழக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். புருஷன் இல்லாவிட்டாலும் காலடியில் இருக்கும் நிலம் அவளுடையது. தன் வளவில் கடை போடுகிறவளை ‘எழும்பிப் போ’ என்று சொல்ல ஆள் இல்லை. இந்தப் பலத்தை நாம் இன்னும் முழுமையாக உணரவில்லை என்று நினைக்கிறேன்.

வடக்கில் மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு நடக்கும் ‘அம்மாச்சி’ உணவகங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கண்முன்னால் சமைத்து விற்கிறார்கள். தோசை, பிட்டு, ஒடியல் கூழ், இலைக்கஞ்சி என்று எமது சாப்பாடுதான். குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிறார்கள். பெண்கள் தனியே வந்து இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பெண் தனியாகக் கடை போட்டால் வரும் கதைகள், பத்துப் பெண்கள் சேர்ந்து போட்டால் வருவதில்லை. கூட்டம்தான் பாதுகாப்பு.

கடை போட நினைக்கும் சகோதரிகளுக்கு மூன்று விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, பத்திரங்கள். பிரதேச சபையின் வியாபார அனுமதியையும், பீ.எச்.ஐ. என்று நாம் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் முதலிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். பத்திரம் கையில் இருந்தால் மிரட்டுகிறவரின் குரல் இறங்கும்.

இரண்டு, கடன் கொப்பி. தேத்தண்ணிக் கடையை நட்டத்தில் விழுத்துவது இதுதான். 10 பேர் நாளுக்கு 100 ரூபாப்படி எழுதி வைத்தால் மாத முடிவில் 30,000 ரூபா கொப்பியில் நிற்கும். ஆண் முதலாளி சந்தியில் மறித்துக் கேட்பார். பெண் கேட்டால் ‘வாய்க்காரி’ என்பார்கள். ஆகவே ஓர் ஆளுக்கு இவ்வளவுதான், ஒரு கிழமைக்கு இவ்வளவுதான் என்று தொடக்கத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சுவர் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மூன்று, முதல். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்கள் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தின என்று உங்களுக்குத் தெரியும். வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முடிவெடுக்க வேண்டி வந்தது. எமது மாவட்டமும் அதில் ஒன்று. தெரிந்தவர்கள் சேர்ந்து போடும் சீட்டும் மாதர் சங்கச் சுழற்சி நிதியும் மெதுவானவைதான். ஆனால் அவை நித்திரையைக் கெடுப்பதில்லை. 2022இன் நெருக்கடியில் எரிவாயுவும் பால்மாவும் இல்லாமல், ஒரு கோப்பை பால் தேநீர் 100 ரூபாவுக்குப் போனபோது, விறகடுப்பும் இஞ்சிப் பிளேன்டீயும் வைத்திருந்த சின்னக் கடைகள் தாக்குப்பிடித்தன. தலைக்கு மேல் கடன் வைத்திருந்தவர்களுக்குத்தான் பெரிய அடி.

விற்பது பாதி, இருப்பது மீதி

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெண்கள் நடத்தும் கடைகளிலும் வாங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். நாங்கள் அடுப்புக்குப் பின்னால் நிற்கிறோம். வீட்டில் செய்ததையே கடையிலும் செய்கிறோம், காசு மட்டும் வருகிறது. காசு வருவது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. செங்டுவில் தேநீர் ஊற்றிய பெண்களைப் பாருங்கள். அவர்கள் விடுதிக்குள் போனார்கள். ஆனால் அவர்களுக்காகக் கதைக்க, வாங்கில் வேறு பெண்கள் இருக்கவில்லை. ஆண்கள் சேர்ந்து ‘போ’ என்றபோது ‘ஏன் போக வேண்டும்?’ என்று கேட்க ஆள் குறைவு.

சீனாவில் 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சிக் காலத்தில் தேநீர் விடுதிகள் பலவும் மூடப்பட்டன. 1980களுக்குப் பிறகு திரும்ப முளைத்தன. இன்று செங்டுவின் மக்கள் பூங்காவில், 1923இல் தொடங்கிய விடுதி ஒன்றில், பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு மூங்கில் கதிரைகளில் இருந்து மணிக்கணக்காகத் தேநீர் குடிக்கிறார்கள். ஒருகாலத்தில் கூடாது என்றது இன்று சாதாரணம். அதே நேரம் அங்கே தனி அறைகளோடு பணக்காரத் தேநீர் விடுதிகளும் பெருகியிருக்கின்றன. பெண்ணுக்குக் கதவு திறந்தது, ஏழைக்கு மூடியது.

எமது நகரிலும் இதன் நிழல் தெரிகிறது. கல்லடிப் பக்கம் போனால் குளிரூட்டிய சிற்றுண்டிச்சாலைகளில் படிக்கும் பெண்பிள்ளைகள் சிநேகிதிகளோடு இருந்து சிரித்துக் கதைக்கிறார்கள். பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. ஆனால் களை பிடுங்கிவிட்டு வரும் ஒரு பெண் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளுவாளா? ஒரு கோப்பையின் விலை அவளுடைய கூலியில் ஒரு பங்கு. அவளுக்கு வேண்டியது சந்தியில் ஒரு வாங்கு.

ஆகவே இந்த மாதம் மாதர் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துக் கதையுங்கள் என்று கேட்கிறேன். எங்கள் ஊரில் பெண் நடத்தும் கடை இருக்கிறதா? இருந்தால் கிழமையில் ஒருநாள், பின்னேரம் நாலு மணிக்கு, நாலைந்து பேர் சேர்ந்து அங்கே போவோம். நின்று வாங்கிக்கொண்டு ஓடாமல் இருந்து குடிப்போம். கடைக்காரியும் அடுப்பை விட்டு வந்து எம்மோடு இருக்கட்டும். கடைச் சுவரில் ஒரு பலகை மாட்டுவோம். கிராம உத்தியோகத்தர் வரும் நாள், கிளினிக் நாள், படிவம் கொடுக்கும் கடைசித் திகதி, நாளைய வயல் வேலை, கூலி எல்லாவற்றையும் எழுதக்கூடிய பிள்ளை ஒன்று எழுதட்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாசித்துச் சொல்லட்டும். மாமியையும் கூட்டிப் போங்கள், மருமகளையும் கூட்டிப் போங்கள். பக்கத்து ஊர் முஸ்லிம் சகோதரியையும் கூப்பிடுங்கள். அவருக்கும் சொல்ல ஆயிரம் கதை இருக்கும்.

முதல்நாள் எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாம் கிழமையும் பார்ப்பார்கள். நாலாம் கிழமை பார்க்கிறவர்களுக்கு அலுத்துவிடும். மறுகா அது ஊர் வழக்கம். உங்கள் ஊரில் முயன்று பார்த்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். என்ன சொன்னார்கள், யார் முறைத்தார்கள், யார் வந்து சேர்ந்தார்கள் என்பதையும், அந்தப் பலகையைப் பார்த்து யாராவது ஒருத்தி ஒரு திகதியைத் தவறவிடாமல் போய்ச் சேர்ந்தாளா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.